பேய்க் கதையும் மனித சுபாவமும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பேய்க் கதையைப் பற்றியது. மேடைக்கு வரும் வழியிலேயே ஒரு தோழர் என்னை மடக்கி, "பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது என்று ஊர் ஊராய்ச் சொல்லித் திரிகிற நீங்களே பேய்க் கதை பேச வந்துவிட்டீர்களே, இது என்ன நியாயம்?" என்று கேட்டார். கேட்டது சரியான கேள்விதான். ஆகையால் அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

பேய் இல்லை என்பது சரி. ஆனால் பயம் இருக்கிறதா, இல்லையா? அருவருப்பு இருக்கிறதா, இல்லையா? இல்லாத பேயைக் கண்டு இருக்கிற மனிதன் நடுங்குகிறான் என்றால் அந்த நடுக்கம் பேயிடமிருந்து வந்திருக்க முடியாது. மனிதனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆகவே பேயை விட்டுவிட்டு மனிதனை ஆராய வேண்டியதுதான் நம் வேலை. அந்த ஆராய்ச்சிக்கு ஐரோப்பாவிலே 200, 250 வருஷங்களுக்கு முன் எழுதப்பட்ட ஒரு வகைக் கதைகள் நல்ல உதவி செய்கின்றன. அவைகளுக்குக் "கோதிக்" கதைகள் என்று பெயர்.

இந்தப் பெயரே ஒரு வேடிக்கை. கோத் என்பது பழைய காலத்தில் ரோமாபுரி சாம்ராஜ்யத்தின்மேல் படையெடுத்த ஒரு ஜாதியாருடைய பெயர். பின்னால் வந்த படித்தவர்கள், தங்களுக்குப் பிடிக்காத பழைய கட்டடம், பழைய வழக்கம் எல்லாவற்றையும் "கோதிக்" என்று வைதார்கள். அதாவது காட்டுமிராண்டித்தனம் என்று அர்த்தம். ஹொரேஸ் வால்போல் என்ற இங்கிலீஷ்காரர் 1764-ல் "ஒட்ராண்டோ கோட்டை" என்று ஒரு கதை எழுதினார். அதில் கலியாண நாளன்று ஆகாயத்திலிருந்து ஒரு ராட்சத இரும்புத் தொப்பி விழுந்து மாப்பிள்ளையை நசுக்கிவிடுகிறது! தன் பெயரில் இதை வெளியிட அவருக்கே வெட்கமாயிருந்ததோ என்னவோ, 1529-ல் நேப்பிள்ஸில் அச்சான இத்தாலியப் புஸ்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று பொய் சொல்லி வெளியிட்டார். விற்பனை நன்றாக நடந்ததும், அடுத்த பதிப்பில், "நான்தான் எழுதினேன்" என்று ஒப்புக்கொண்டு, "கோதிக் கதை" என்று தலைப்பிலும் போட்டுக்கொண்டார். பழைய கதை என்றால் எந்தப் புளுகையும் ஜனங்கள் நம்புவார்கள் என்பது எந்தத் தேசத்திலும் தெரிந்த ரகசியம்தான் போலிருக்கிறது.

அந்தத் தொப்பிக் கதையில் நமக்கு அதிக வேலையில்லை. அதற்கு 30 வருஷம் பின்னால், 1794-ல், ஆன் ராட்கிளிப் என்ற அம்மையார் "உடால்போவின் மர்மங்கள்" என்று ஒரு நாவல் எழுதினார். எமிலி என்ற அனாதைப் பெண்ணை ஒரு மலைக்கோட்டையில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அங்கே ஓர் அறையில் கறுப்புத் திரை தொங்குகிறது. அவள் திரையைத் தூக்கிப் பார்க்கிறாள். பார்த்தவுடன் மூர்ச்சை போட்டு விழுந்துவிடுகிறாள். என்ன பார்த்தாள் என்று அம்மையார் அப்போது சொல்லவில்லை. வாசகன் நூற்றுக்கணக்கான பக்கங்கள் பொறுத்திருக்க வேண்டும். கடைசியில்தான் சங்கதி வெளியாகிறது. திரைக்குப் பின்னால் இருந்தது பேயும் அல்ல, பிணமும் அல்ல. ஒரு மெழுகுப் பொம்மை. அழுகிப் புழுத்த பிரேதத்தைப்போல் செய்த பொம்மை.

அது அங்கே ஏன் வந்தது தெரியுமா? அந்த வம்சத்தைச் சேர்ந்த ஒருவன் எப்போதோ மாதாகோயில் அதிகாரத்தை மீறிவிட்டானாம். அதற்குப் பிராயச்சித்தமாகத் தினமும் இத்தனை நேரம் அந்தப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவனுக்குத் தண்டனை. அவனோ தன் சந்ததியாரும் பொம்மையைக் காப்பாற்றி வர வேண்டும், தவறினால் சொத்தில் ஒரு பகுதி மாதாகோயிலுக்குச் சேர்ந்துவிட வேண்டும் என்று உயில் எழுதி வைத்துவிட்டுச் செத்தான். ஆகப் பேயின் அடியிலே தோண்டிப் பார்த்தால் கடைசியாகக் கிடைத்தது ஒரு சொத்துப் பத்திரம்!

இந்த வேடிக்கையைவிட முக்கியமான ஒரு வார்த்தையை அம்மையார் அங்கே சொல்லுகிறார். எமிலிக்கு இன்னொருமுறை பார்க்கத் தைரியம் இருந்திருக்குமானால் அவளுடைய பயம் அப்போதே போயிருக்கும் என்கிறார். முதல் பார்வையில் வந்த பயத்தை இரண்டாம் பார்வை போக்கியிருக்கும். ஆனால் பயந்தவன் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

நிற்க, இன்றைய முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். 1815 ஏப்ரலில், இப்போது இந்தோனேசியா என்று சொல்லப்படுகிற தேசத்தைச் சேர்ந்த சும்பாவா தீவில், தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அதன் தூசியும் வாயுவும் ஆகாயத்தில் பரவிச் சூரிய வெளிச்சத்தை மறைத்தன. மறு வருஷம் ஐரோப்பாவில் கோடைகாலமே இல்லை. ஓயாத மழை, குளிர், பயிர்ச் சேதம், பஞ்சம். எங்கோ ஒரு தீவில் வெடித்த மலைதான் இதற்குக் காரணம் என்று அந்த ஜனங்களுக்கு அப்போது தெரியாது.

அந்த 1816 ஜூன் மாதத்தில் ஜெனிவா ஏரிக் கரையில் ஒரு பங்களாவில் மழைக்கு அடைபட்டுச் சில இங்கிலீஷ் இளைஞர்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் பிரபல கவி பைரன். இன்னொருவர் ஷெல்லி. இவர் 1811-ல் "நாஸ்திகத்தின் அவசியம்" என்று ஒரு துண்டுப் பிரசுரம் போட்டதற்காக ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலிருந்து விரட்டப்பட்டவர். பைரனுடைய டாக்டர் பாலிடோரி ஒருவர். ஷெல்லியோடு வந்திருந்த மேரி என்ற 18 வயதுப் பெண் ஒருத்தி. மேரிக்குத் தங்கை முறையான கிளேர் என்பவளும் கூட இருந்தாள். பொழுது போகாமல் ஜெர்மன் பேய்க் கதைகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவோம் என்று பைரன் சொன்னார்.

ஒரு நாள் இரவு பைரன் ஒரு பயங்கரமான பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஷெல்லி திடீரென்று வீரிட்டுக் கத்திக்கொண்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு அறையைவிட்டு ஓடினார். மார்பிலே கண்கள் உள்ள ஒரு பெண் அவர் மனக்கண்ணுக்குத் தோன்றிவிட்டாளாம். முகத்தில் தண்ணீரை அடித்து, மருந்து கொடுத்துத் தெளிய வைத்ததாக பாலிடோரி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நாஸ்திகத்தின் அவசியத்தை உலகத்துக்கு எடுத்துக் காட்டிய ஆசாமி! (சிரிப்பு)

சிரிக்கலாம், தோழர்களே. ஆனால் அவரைக் கேலி செய்வதற்காக இதை நான் சொல்லவில்லை. அறிவு ஒன்றை இல்லை என்று தீர்த்த பிறகும் உடம்பு நடுங்குகிறது. தர்க்கத்தினால் ஒரு நம்பிக்கையைத் தள்ளிவிடலாம். அந்த நம்பிக்கை உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக அப்படியே இருக்கும். அதில் எது வந்து உட்காருகிறது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை அந்தக் கூட்டத்தில் சரியாகப் பிடித்துக்கொண்டவள் அந்த 18 வயதுப் பெண்தான்.

மேரியின் தாயார் மேரி உல்ஸ்டன்கிராப்ட். 1792-ல் பெண்கள் உரிமைக்காக வாதாடிப் புஸ்தகம் எழுதிய வீரப் பெண்மணி. 1797-ல் மேரியைப் பெற்ற சில நாட்களுக்குள் பிரசவ ஜன்னியில் இறந்து போனார். மேரிக்கும் 1815-ல் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து சில நாட்களிலேயே இறந்து போயிற்று. அந்தக் குழந்தை சாகவில்லை, குளிர்ந்துதான் போயிருந்தது, நெருப்பின் அருகில் வைத்துத் தேய்த்தவுடன் பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதாக அவள் எழுதி வைத்திருக்கிறாள். செத்த குழந்தை உயிரோடு வராதா என்று ஏங்கிய அந்தப் பெண், உயிர் கொடுத்துவிட்டு அதைப் போட்டுவிட்டு ஓடிய ஒரு மனிதனைப் பற்றிக் கதை எழுதினாள். அதுதான் "பிராங்கன்ஸ்டைன்". 1818 ஜனவரியில், ஆசிரியர் பெயர் இல்லாமல், 500 பிரதிகள் அச்சாகி வெளிவந்தது. இதை ஷெல்லிதான் எழுதியிருக்க வேண்டும் என்று வால்ட்டர் ஸ்காட் போன்ற பெரிய எழுத்தாளரே நினைத்துவிட்டார். ஒரு பெண்ணுக்கு இவ்வளவு மூளை இருக்கும் என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்குத் தோன்றவில்லை. 1823-ல் வந்த பதிப்பில்தான் இங்கிலீஷில் அவள் பெயர் ஏறிற்று.

பிராங்கன்ஸ்டைன் என்றால் பூதத்தின் பெயர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அது பூதத்தைச் செய்தவன் பெயர், விக்டர் பிராங்கன்ஸ்டைன். செய்யப்பட்டவனுக்குப் புஸ்தகம் முழுவதிலும் பெயரே கிடையாது. பெயர் வைக்கக்கூட ஒருவரும் இல்லாதவன் அவன்.

இந்த விக்டரை நன்றாகக் கவனியுங்கள். பேய் பிசாசுக் கதை எதுவும் பிள்ளையின் காதில் விழக்கூடாது என்று கவனமாயிருந்து அவன் தகப்பனார் வளர்க்கிறார். ஆகவே அவனுக்கு இருட்டு பயமில்லை. கல்லறைத் தோட்டம் என்றால் உயிர் போன உடல்கள் கிடக்கும் இடம், அவ்வளவுதான். இங்கோல்ஸ்டாட் சர்வகலாசாலையில் விஞ்ஞானம் படிக்கிறான். பிரேதங்களின் நடுவில் இரவு பகலாக வேலை செய்து, எட்டடி உயரத்தில் ஓர் உருவம் செய்து, அதற்கு உயிரும் கொடுத்துவிடுகிறான். நம்முடைய அளவுகோலின்படி பார்த்தால் இவனைவிடச் சிறந்த பகுத்தறிவுவாதி வேறு யார்?

உருவம் கண்ணைத் திறந்தது. விக்டர் ஓடிவிட்டான்! அது அவனை ஒன்றும் செய்யவில்லை. பார்க்க விகாரமாயிருந்தது என்பதைத் தவிர வேறு குற்றம் ஒன்றுமில்லை. படுக்கையறைக்குப் போய் விழுந்து கிடந்தவனைத் தேடி அது வந்து, திரையை விலக்கி, வாய் கோணச் சிரித்து, ஒரு கையை நீட்டுகிறது. பிறந்து சில மணி நேரமே ஆன ஒரு ஜீவன் கையை நீட்டினால் என்ன அர்த்தம்? பிள்ளை பெற்ற எந்தத் தாயும் சொல்லுவாள். விக்டருக்குத் தெரியவில்லை. மாடியிலிருந்து இறங்கி ஓடி, முற்றத்தில் நின்றுகொண்டு இரவைக் கழித்தான்.

பேய்ப் பயம் போன இடத்தில் அருவருப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

விடப்பட்டவன் என்ன ஆனான்? காட்டில் பசியோடு திரிந்தான். ஒரு கிராமத்துக்குள் நுழைந்தான்; கல்லால் அடித்தார்கள். கடைசியில் ஒரு குடிசையை ஒட்டியிருந்த கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியாக அங்கே இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் தெரியாத கிழவர் டி லேசி, அவர் மகன் பெலிக்ஸ், மகள் அகதா. அவர்கள் ஏழைகள் என்று தெரிந்தவுடன், அதுவரையில் அவர்கள் உணவிலிருந்து கொஞ்சம் திருடித் தின்று வந்தவன் அதை நிறுத்திவிட்டான். இரவில் போய் விறகு வெட்டி வந்து வாசலில் போட்டான். பனியை ஒதுக்கிப் பாதை செய்து வைத்தான். காலையில் விறகைப் பார்த்தவர்கள், ஏதோ நல்ல ஆவி செய்த காரியம் என்று சொல்லி ஆச்சரியப்பட்டார்கள். பார்க்காதவரைக்கும் அவன் நல்ல ஆவி. பார்த்த பிறகு பிசாசு. ஆள் ஒருவன்தான்.

அவர்கள் பேசுவதைக் கேட்டே பேசக் கற்றான், படிக்கவும் கற்றான். ஒரு நாள் குட்டையில் தன் உருவத்தைப் பார்த்தான். முதலில் அது தான் என்றே நம்பவில்லை. நம்பியபோது, ஊரார் அவனைப் பார்த்து என்ன நினைத்தார்களோ அதையே அவனும் தன்னைப்பற்றி நினைக்கத் தொடங்கினான். தோழர்களே, சுயமரியாதை என்ற வார்த்தையை நாம் நிறையச் சொல்லுகிறோம். அது எந்த இடத்தில் சாகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எழுதியவர்களை நான் படித்ததில்லை. பிறர் வெறுப்பதோடு நின்றால் அது துன்பம். அந்த வெறுப்பை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்ளுகிறானே, அது அடிமைத்தனம்.

இளையவர்கள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவன் கிழவரிடம் போய்ப் பேசினான். தனக்கு யாரும் இல்லை என்றான். கிழவர் அவனை உட்காரச் சொன்னார். "எனக்குக் கண் இல்லை, உன் முகத்தைப் பார்த்து எடை போட முடியாது, ஆனால் உன் பேச்சில் உண்மை இருக்கிறது" என்கிற கருத்தில் ஆறுதல் சொன்னார். பிறந்ததிலிருந்து அவன் கேட்ட முதல் அன்பான வார்த்தை அது. அந்தச் சமயத்தில் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். அகதா மூர்ச்சையானாள். பெலிக்ஸ் தடியால் அடித்தான். பெலிக்ஸைக் கிழித்து எறியக்கூடிய பலம் அவனுக்கு உண்டு, எறியவில்லை. அடியை வாங்கிக்கொண்டு போனான்.

பெலிக்ஸ் கெட்டவனா? அதுதான் இல்லை. வேறு மதத்தான் என்ற காரணத்துக்காக அநியாயமாய்த் தண்டிக்கப்பட்ட ஒரு துருக்கியனுக்காகத் தன் சொத்தையும் தேசத்தையும் இழந்தவன் அவன். அவ்வளவு நியாய புத்தியுள்ளவன் கையில்தான் தடி இருந்தது. மேரி நினைத்திருந்தால் அந்தத் தடியை ஒரு முரடன் கையில் கொடுத்திருக்கலாம். நமக்கும் சௌகரியமாயிருந்திருக்கும். கொடுக்கவில்லை.

அருவருப்பு மனித சுபாவம்தானே, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்பீர்கள். பெயரில்லாத அவனும் இதைச் சோதித்துப் பார்த்தான். சிறு குழந்தைக்கு இன்னும் வெறுப்புத் தெரிந்திருக்காது என்று நினைத்து, வழியில் கண்ட ஒரு பையனைப் பிடித்துத் துணைக்கு வைத்துக்கொள்ளப் பார்த்தான். பையன் அவனைப் பூதம் என்று வைது, தன் அப்பா பெரிய அதிகாரி, உன்னைத் தண்டிப்பார் என்று கத்தினான். அப்பாவின் உத்தியோகம் அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது, பாருங்கள்! பிராங்கன்ஸ்டைன் என்ற பெயரையும் அவன் சொன்னான். விக்டருடைய தம்பி வில்லியம் அவன். கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டான்.

என்னுடைய அபிப்பிராயத்தைச் சொல்லுகிறேன். புதிதாய் ஒன்றைக் கண்டு திடுக்கிடுவது சுபாவமாயிருக்கலாம். அது அரை நிமிஷச் சங்கதி. கல்லை எடுப்பதும், தடியை எடுப்பதும், அப்பாவின் உத்தியோகத்தைச் சொல்லி மிரட்டுவதும் சுபாவம் அல்ல. அவை ஒருவர் கற்றுக்கொடுத்து ஒருவர் கற்றுக்கொண்ட பழக்கம். எமிலி இரண்டாம் தடவை பார்க்கவில்லை என்று முன்னே சொன்னேன் அல்லவா? அந்த இரண்டாம் பார்வையைத்தான் இங்கேயும் ஒருவரும் பார்க்கவில்லை.

கொலைக்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். செத்த பையன் கழுத்தில் இருந்த ஒரு சிறு படத்தை, தூங்கிக்கொண்டிருந்த ஜஸ்டின் என்ற வேலைக்காரப் பெண்ணின் உடையில் பூதம் சொருகிவிட்டது. குற்றமற்றவர்களைத் தண்டிக்கும் வித்தையை மனிதர்களிடமிருந்தே கற்றேன் என்று பின்னால் அது சொல்லுகிறது. ஜஸ்டின் கைதானாள். பாவ மன்னிப்புக் கேட்க வந்த பாதிரி, "குற்றத்தை ஒப்புக்கொள், இல்லாவிட்டால் மதப்பிரஷ்டம், நரக நெருப்பு" என்று ஓயாமல் மிரட்டி, செய்யாத கொலையைச் செய்தேன் என்று அவளைச் சொல்ல வைத்தான். சாகப்போகிற ஏழைப் பெண்ணைப் பொய் சொல்ல வைப்பதற்கு நரகம் உபயோகப்பட்டது. அவளைத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

பாதிரியை வைது முடித்துவிட்டோம் என்று எழுந்துவிடாதீர்கள். கொன்றது யார் என்று விக்டருக்கு நிச்சயமாய்த் தோன்றியிருந்தது. நரகத்தில் நம்பிக்கையில்லாத படிப்பாளி அவன். வாயைத் திறந்தானா? சொன்னால் பைத்தியக்காரன் என்பார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டான். பாதிரிக்கு மூடநம்பிக்கை என்ற சாக்காவது இருந்தது. இவனுக்கு என்ன சாக்கு? மானம் போய்விடுமே என்ற பயம்தான். அந்தக் கயிற்றின் ஒரு நுனியைப் பாதிரி பிடித்தான். மறு நுனியை நம்மவன் பிடித்தான். பேய் இல்லை என்று தெரிந்துகொண்ட நாம் எல்லோரும் அடிக்கடி படிக்க வேண்டிய பக்கம் இது.

1931-ல் அமெரிக்காவில் இந்தக் கதையைச் சினிமாவாக எடுத்தார்கள். அதில் ஒரு சிறு மாறுதல் செய்தார்கள். பிராங்கன்ஸ்டைனுடைய கையாள், நல்ல மூளை இருந்த ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, ஒரு குற்றவாளியின் மூளையைத் திருடிக்கொண்டு வந்துவிடுகிறான். அதை வைத்துச் செய்ததால் பூதம் கொலைகாரனாயிற்று என்று ஜனங்கள் நினைத்துக்கொள்ளலாம். புஸ்தகத்தில் இந்த ஜாடியும் கிடையாது, குற்றவாளி மூளையும் கிடையாது. படம் மிக நன்றாய் எடுக்கப்பட்ட படம்தான். ஆனால் பிறவியிலேயே கெட்டவன் என்ற பழைய பொய்யை, ஒரு பெண் அரும்பாடுபட்டு வெளியே தள்ளியிருக்க, ஜாடியில் ஊறப்போட்டுத் திரும்பவும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். புஸ்தகத்து ஆள் மணிக்கணக்காய்த் தன் நியாயத்தை எடுத்துப் பேசுகிறான். படத்தில் அவன் உறுமுகிறான். வாயை அடைத்துவிட்டால் பிறவிக் குணம் என்று சொல்லுவது சுலபம்.

அப்படியானால் கொலைக்கு நியாயம் சொல்லுகிறாயா என்றால், இல்லை. மேரியும் சொல்லவில்லை. ஒரு துணை செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, விக்டர் அதைப் பாதியில் கிழித்துப் போட்டபோது, அவன் சிநேகிதனும், கலியாணத்தன்று இரவே அவன் மனைவி எலிசபெத்தும் கொல்லப்படுகிறார்கள். அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. கொன்றவன் தன்னைத்தான் எல்லோரையும்விட அதிகமாய் வெறுத்தான். அனுதாபப்பட வைத்துவிட்டு, மன்னிக்கவும் விடாமல் நம்மை நிறுத்தி வைக்கிறாள். இதனாலேயே 200 வருஷங்களுக்கு மேலாகியும் அந்தப் புஸ்தகம் சாகவில்லை என்று நினைக்கிறேன்.

ஓர் இடத்தைச் சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன். ஆல்ப்ஸ் மலையின் பனிவெளியில் பூதமும் விக்டரும் சந்திக்கிறார்கள். என் கண்ணெதிரில் நிற்காதே என்று விக்டர் கத்துகிறான். பூதம் தன் இரண்டு கைகளாலும் அவன் கண்களைப் பொத்துகிறது. பார்க்க வேண்டாம், கேட்டால் போதும் என்கிறது. விக்டர் அந்தக் கைகளைத் தட்டிவிட்டான்.

பல வருஷம் கழித்து, வடதுருவத்துப் பனிக்கடலில், வால்ட்டன் என்பவனுடைய கப்பலில் விக்டர் செத்துப்போகிறான். பிணத்தின்மேல் குனிந்து பூதம் அழுதுகொண்டிருக்கும்போது வால்ட்டன் உள்ளே வருகிறான். அவ்வளவு பயங்கரமான முகத்தை அவன் கண்டதில்லை. தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டான். தடியை எடுக்கவில்லை. ஓடவும் இல்லை. கண்ணை மூடியபடியே, போகாதே, நில் என்றான். அது நின்றது, பேசியது. அவன் கடைசிவரை கேட்டான். பிறகு அது கப்பல் ஜன்னல் வழியாகக் குதித்து, ஒரு பனிக்கட்டியின்மேல் ஏறி, அலையில் அடித்துக்கொண்டு போய் இருட்டில் மறைந்தது.